சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா வானூர்திச் சேவை

சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா வானூர்திச் சேவை என்பது சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்தை நியூயார்க் பெருநகர்ப் பகுதியின் ஜான் எஃப். கென்னடி, நுவார்க் லிபர்ட்டி ஆகிய பன்னாட்டு வானூர்தி நிலையங்களுடன் எங்கும் தரையிறங்காமல் இணைக்கும் சேவை ஆகும். இதனைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் இயக்குகின்றது. நுவார்க் நிலையம் அண்டை மாநிலமான நியூ ஜெர்சியில் அமைந்துள்ளது.

தூரம்

சாங்கியிலிருந்து கென்னடி நிலையம் 15,349 கி.மீ., நுவார்க் 15,344 கி.மீ. தொலைவில் உள்ளன. இவை புவிப்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியான பெருவட்டத்தின் வழியே அளக்கப்பட்டவை.

இத்தூரத்தைக் கருவியின்றியே சரிபார்க்கலாம். நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் சிங்கப்பூர் கிழக்கு 104 பாகையிலும் உள்ளன. வேறுபாடு 178 பாகை, அதாவது கிட்டத்தட்ட உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே குறுகிய வழி வடமுனையை ஒட்டிச் செல்கின்றது. நியூயார்க்கிலிருந்து முனைக்கு 49.4 பாகை, முனையிலிருந்து சிங்கப்பூருக்கு 88.6 பாகை, மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. எனக் கொண்டால் 15,346 கி.மீ. கிடைக்கின்றது. தட்டையான உலக வரைபடத்தில் கோடு வரைந்து பார்ப்போருக்கு இவ்வழி புலப்படாது.

ஆயினும் வானூர்திகள் எப்போதும் இவ்வழியே பறப்பதில்லை. உயர் வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்றுகளின் உதவியைப் பெறுவதற்காக, சிங்கப்பூரிலிருந்து செல்பவை பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலைக் கடக்கின்றன. பறக்கும் தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன.

பயண நேரம்

பயணம் ஏறத்தாழ 18 முதல் 19 மணி நேரம் வரை நீடிக்கும். சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தை விடக் குளிர்காலத்தில் 13 மணியும் கோடையில் 12 மணியும் முந்தியது. இதனால் சிங்கப்பூரில் நள்ளிரவை ஒட்டி ஏறுபவர் அமெரிக்காவில் அந்த இரவுக்கு அடுத்த விடியலிலேயே இறங்குகின்றார். திரும்பும் வழியில் நிலைமை தலைகீழ். குளிர்காலத்தில் திங்கள் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் புதன் காலை 5.40 ஆகியிருக்கும். இடைப்பட்ட செவ்வாய் வானிலேயே கழிந்துவிடும்.

வரலாறு

2004 சூனில் நுவார்க்கிற்கான சேவை ஏர்பஸ் ஏ340-500 வகை வானூர்தியுடன் தொடங்கியது. 2008இல் இருக்கைகள் 100ஆகக் குறைக்கப்பட்டு, அனைத்தும் வணிக வகுப்பாக்கப்பட்டன. பயணத்தின்போது எவரேனும் இறந்தால் உடலை வைப்பதற்கென இவ்வானூர்திகளில் தனி அறை இருந்ததாக ஊடகங்கள் பரவலாக எழுதின.

இச்சேவையை வீழ்த்தியது எரிபொருள். நெடும்பயணத்தின் தொடக்கத்தில் ஏற்றப்படும் எரிபொருளின் ஒரு பகுதி, மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகின்றது. நான்கு பொறிகள் கொண்ட ஏ340-500க்கு விலையேற்றம் தாங்கவில்லை. 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது.

இரு பொறிகளும் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளளவும் கொண்ட ஏ350-900யுஎல்ஆர் வகை வந்தபின், 2018 அக்டோபர் 11 அன்று மீண்டும் தொடங்கியது. அதில் 161 இருக்கைகளே உள்ளன, சாதாரண வகுப்பு இல்லை. கோவிட்-19 பெருந்தொற்றால் 2020இல் நுவார்க் சேவை நின்றது. அவ்வாண்டு நவம்பரில் கென்னடி நிலையத்திற்கான சேவை தொடங்கியபோது, அதுவே உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவையாயிற்று. நுவார்க் சேவை 2022 மார்ச்சில் மீண்டது.