ரொட்டி மாவு விற்ற பதினைந்து நிமிடம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் சமூக அறிவியல் வகுப்பில் ஆபிரகாம் லிங்கன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1863ல் விடுதலைப் பிரகடனம், 1865ல் அடிமை முறை ஒழிப்பு என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஒரு பையன் எழுந்து, "அதுக்கப்புறம் அவங்க எங்க சார் போனாங்க? என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன்.

அவன் இப்போது டெக்சாஸில் வேலை பார்க்கிறான். போன மாதம் அங்கே வாராவாரம் வரும் ஒரு வானொலி நிகழ்ச்சியை எனக்கு அனுப்பிவைத்தான். முதலில் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு, அடுத்து அக்கார்டியனோடு ஸ்பானிய மொழிப் பாட்டு, அதற்கடுத்து கிட்டார் வைத்துப் பாடும் கிராமத்துப் பாட்டு. "இதையெல்லாம் ஏனப்பா ஒரே கூடையில் போடுகிறார்கள்?" என்று கேட்டேன். "நீங்களே படிச்சுப் பாருங்க சார்" என்றான். படித்தேன். அன்று அவன் கேட்ட கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது.

அவர்கள் எங்கும் போகவில்லை. பெரும்பாலோர் அதே பருத்திக் காட்டில்தான் இருந்தார்கள். நம் ஊர் வாரச் சாகுபடி போல நிலக்காரருக்குப் பங்கு கொடுத்து உழுதார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் அவரிடமே கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிதண்ணீர்க் குழாயும் தனி. ஓட்டுப் போடப் போனால் வரி கட்டு, எழுதப் படிக்கத் தெரியுமா என்று காட்டு எனத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆர்கன்சா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹெலினா என்று ஒரு சிறிய ஊர். 1941 நவம்பரில் அங்கே கே.எஃப்.எஃப்.ஏ. என்ற வானொலி நிலையம் தொடங்கியது. மௌத் ஆர்கன் வாசிக்கும் சன்னி பாய் வில்லியம்சன், கிட்டார்க்காரர் ராபர்ட் லாக்வுட் ஜூனியர் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் வாய்ப்புக் கேட்டுப் போனார்கள். விளம்பரதாரர் கிடைத்தால் பாடலாம் என்றது நிலையம். ஊரில் இருந்த ஒரு மளிகை மொத்த வியாபார நிறுவனம் முன்வந்தது. அது விற்ற மாவின் பெயர் கிங் பிஸ்கட். (அங்கே பிஸ்கட் என்றால் நாம் டீயில் தொட்டுச் சாப்பிடுவது இல்லை. சுடச்சுடச் சாப்பிடும் மெத்தென்ற சின்ன ரொட்டி.) 'கிங் பிஸ்கட் டைம்' என்ற பெயரில் நவம்பர் 21 அன்று நிகழ்ச்சி ஆரம்பமானது. தினமும் மதியம் பதினைந்து நிமிடம்.

அந்த மதிய நேரத்தைக் கவனியுங்கள். காட்டு வேலைக்காரர்கள் சாப்பிட உட்காரும் நேரம் அது. வியாபாரிக்கு மாவு விற்க வேண்டும், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், அதனால் அவர்கள் பாட்டுக்கு இடம் கிடைத்தது. கலைஞர்களுக்கோ இன்று இரவு எந்த ஊரில் கச்சேரி என்று அறிவிக்க ஒரு வழி. மாவு நன்றாக விற்றது. பின்னால் சன்னி பாய் பெயரிலேயே மக்காச்சோள மாவு வந்தது, பையில் அவர் படம். தன் இனத்துக்காரர் ஒருவரின் பாட்டு கடைத்தெரு வானொலியில் கேட்கிறது, படம் மளிகைக்கடை அலமாரியில் நிற்கிறது என்றால் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமா?

மிசிசிப்பியில் ஒரு இளைஞன் காட்டு வேலைக்கு நடுவே இதைக் கேட்பான். 1948ல் சன்னி பாயையே தேடிப் போய், அப்போது அவர் வேறொரு நிலையத்தில் நடத்திய நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் பாட வாய்ப்பு வாங்கினான். பிறகு மெம்ஃபிஸ் வானொலியில் ஒரு டானிக்குக்கு விளம்பரம் பாடினான். அவர்தான் உலகம் அறிந்த பி.பி.கிங்.

டானிக் என்றதும் டெக்சாஸுக்கு வருகிறேன். சான் அன்டோனியோ சந்தைத் திடலில் ஒரு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் லிடியா மெண்டோசா. ஒரு வானொலிக்காரர் அந்தக் குரலைக் கேட்டுத் தன் ஸ்பானிய நிகழ்ச்சிக்கு அழைத்தார். அங்கும் ஒரு டானிக் விளம்பரம்தான் அவருக்குச் சம்பளம் தந்தது. 1934ல் பதிவான 'மால் ஓம்ப்ரே' அவரைப் புகழ்பெறச் செய்தது. அந்தப் பாட்டின் வரிகள் சிறு வயதில் ஒரு சூயிங்கம் தாளில் கிடைத்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே 1930களில்தான் வேலை இல்லை என்று காரணம் காட்டி மெக்சிகோ வம்சாவளியினர் லட்சக்கணக்கில் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசினால் பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. ஆசிரியனாக இருந்த எனக்கு அதைப் படித்ததும் சுருக்கென்றது. பள்ளியில் வாய் திறந்தால் அடி வாங்கித் தந்த மொழி, வீட்டு வானொலியில் பாடிக்கொண்டிருந்தது.

அந்த அக்கார்டியனும் போல்கா தாளமும் டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியர், செக் மக்களிடமிருந்து வந்தவை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவின் கண்டர் ஹோட்டலில் ஒரு இசைத்தட்டு நிறுவனம் பதிவுக்கூடம் அமைத்தது. ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் அங்கே பாடினார். அதே நாட்களில் அதே இடத்தில் மெக்சிகோ வம்சாவளிக் கலைஞர்களும் பதிவு செய்தார்கள். ஹெலினாவில் வாசித்த லாக்வுட், இந்த ஜான்சனிடம் கிட்டார் கற்றவர். ஏன் ஒரே கூடை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஹெலினாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் லெவான் ஹெல்ம் என்ற வெள்ளைக்காரப் பையன் சன்னி பாயைக் கேட்டே வளர்ந்தவன். பெரியவனாகி இசைக்குழு வைத்தான். 1965ல் நண்பர்களோடு சன்னி பாயைத் தேடி வந்து, சேர்ந்து வாசித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்தே ஊர் ஊராய்ப் போகத் திட்டம் போட்டார்கள். போலீஸ் வந்து அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்பியது. பிரிவினையைத் தடை செய்த சமவுரிமைச் சட்டம் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. ஆனாலும் கறுப்பினத்தவரோடு ஒரே மேசையில் உட்காரக் கூடாது. அவர் பாட்டை இருபது வருடத்துக்கு மேலாக எல்லார் வீட்டு வானொலியும் பாடிக்கொண்டிருந்தது, அதை யாரும் தடுக்கவில்லை. அந்த மே மாதமே சன்னி பாய் காலமானார்.

நிகழ்ச்சி நிற்கவில்லை. சன்னி பெய்ன் என்ற அறிவிப்பாளர் 1951 முதல் 2018ல் தாம் இறக்கும் வரை அதை நடத்தினார். 18,000 ஒலிபரப்புகளைத் தாண்டிவிட்டது.

தம்பி, அன்று உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள். பாடத்தை இன்றுதான் முடித்திருக்கிறேன். உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்பது தெரியாவிட்டால் "நாளைக்குப் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் சொல்லியும் விடுங்கள். என்னைப் போல இத்தனை வருடம் ஆக்காதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.