மலையேறிய கல்வி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலமாய்த் தோன்றும் கல்வராயன் மலையை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சாமையும் கடுக்காயும் தரும் அம்மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். நாடு விடுதலை பெற்ற பின்னும் 1976 வரை அங்கே ஜாகீர்தார் முறை நீடித்தது.

2003ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியிலே அம்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயின்ற பெண்ணொருத்தி, செவிலியர் படிப்புக்கான விண்ணப்பத்தில் என் கையொப்பம் வேண்டி வந்தாள். "நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாயே, அம்மா, ஏவல் செய்யும் தொழிலுக்கா போவது? அதில் மேற்கொண்டு படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டு போனாள். என் வினாவுக்கு வரலாற்றில் விடை இருந்தது, நான்தான் படித்திருக்கவில்லை.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இவற்றைக் கைத்தொழிற் பயிற்சியாகவே உலகம் கருதிற்று. 1946இல் டில்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு தோன்றியபோதுதான் செவிலியம் பல்கலைக்கழக வாயிலுள் நுழைந்தது. டில்லியில் 1959இல் முதுநிலைப் படிப்பும், 1992இல் முனைவர் படிப்பும் வந்தன. நான் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில் அதற்கு விடை பிறந்து பதினோராண்டு ஆகியிருந்தது!

ஆயினும் டில்லி எங்கே, வெள்ளிமலை எங்கே? பணியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எத்தனை பெண்கள் போக முடியும்? இவ்விடத்தில்தான் தொலைநிலைக் கல்வி துணைக்கு வந்தது. 1994இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலிருக்கும் செவிலியருக்கெனப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. 2005இல் இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் முனைவர் ஆய்வுக்கு ஒரு தேசியக் கூட்டமைப்பை அமைத்தது. வேலூர் அதன் ஆய்வு மையங்களுள் ஒன்று. வெவ்வேறு நகரங்களிலிருந்தோர் காணொலி வழியே ஒரே பாடத்தைக் கேட்டனர்.

அமெரிக்காவிலோ, ஆராய்ச்சிக்கென்றன்றி நோயாளியருகே ஆற்றும் உயர்பணிக்கென்றே தனி முனைவர் பட்டம் வேண்டுமென அந்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளின் சங்கம் 2004இல் தீர்மானித்தது. அங்கே பாடங்களை வீட்டிலிருந்தே இணையத்திற் பயிலலாம். ஆனால் பணிக்களத்தில் நேரடிப் பயிற்சியும் பெற்றாக வேண்டும். இது மிகச் சரி. நானும் அஞ்சல் வழியில் எம்.ஏ. பயின்றவன்தான், ஆனால் வகுப்பில் நிற்கக் கற்றது கரும்பலகை முன்னேதான். நாடியைக் கம்பி வழியே தொட்டறிய இயலுமா?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022இல். அதற்குப் பின் ஒருநாள் என் பழைய மாணவியைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். மலையிலேயே செவிலியராயிருந்தாள், பணியிலிருந்தபடியே பட்டமும் பெற்றுவிட்டாள். "ஐயா, மேலே முதுநிலை, அதன்பின் ஆராய்ச்சி என்று எண்ணியிருக்கிறேன்" என்றாள். எதைப்பற்றி என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பெயர் ஒன்றும் இல்லை, மூன்றே பத்திகள். வலி கண்ட நேரம், வண்டி வந்த நேரம், குழந்தை பிறந்த இடம். மூன்றாம் பத்தியிற் பல வரிகளில் "வழியில்" என்று எழுதியிருந்தாள்.