தோல் பதனிட்ட கைகள்

வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் முடிமன்னரும் கோட்டை கொத்தளங்களும் தோன்றுகின்றன. அம்மன்னர் ஏந்திய கேடயமும், ஊர்ந்த குதிரையின் சேணமும், வெற்றியை முழக்கிய முரசும் எதனால் ஆயின? தோலினால் அன்றோ! அத்தோலை ஆக்கியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்கும் வாய்ப்பு எனக்கு 1971ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கிடைத்தது. அப்போது நான் கல்லூரியில் வரலாறு பயின்று கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வட ஆர்க்காட்டில் ஒரு சிற்றூர். மின்னியந்திரம் வருமுன்னர் எங்கள் கிணற்றில் கவலை ஏற்றம் இருந்தது. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, இரும்புச் சால் நீரை முகந்துகொண்டு மேலேறும். சாலின் அடியில் யானைத் துதிக்கை போன்று ஒரு தோற்குழாய் தொங்கும். அக்குழாய் வழியேதான் நீர் வாய்க்காலில் பாயும். குழாய் கிழிந்தால் பயிர் வாடும். அதனைத் தைத்துத் தந்தவர் ஊர்ப்புறத்தே வாழ்ந்த ஒரு முதியவர். அறுவடையின்போது களத்துமேட்டில் அவருக்குச் சில மரக்கால் நெல் அளப்பார்கள். அதுவே அவரது ஆண்டுக் கூலி.

அக்கோடையில் எங்கள் எருது ஒன்று இறந்தது. அதனை எடுத்துச் செல்ல அவர் வந்தார்.

"பெரியவரே, நானும் உடன் வரலாமா? இத்தொழிலைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார், நான் வேறு யாரையோ அழைத்ததாக எண்ணி. எங்கள் வீட்டுச் சிறுவர்களும் அவரை 'நீ' என்றே அழைப்பது வழக்கம்.

"வாடை பொறுப்பீர்களா, சின்னையா?" என்று மட்டும் கேட்டார்.

ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தடியே அவரது தொழிற்கூடம். கூரையில்லை, சுவரில்லை. கோடை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே தோல் அழுகத் தொடங்கிவிடும் என்பதால் அவர் உடனே வேலையைத் தொடங்கினார். தாடை முதல் வால் வரை வயிற்றின் நடுவே ஒரு நேர்கோடு. கால்களின் உட்புறமாக நான்கு கோடுகள். குளம்புகளுக்கு மேலே வளையம். அவ்வளவோடு கத்தியின் வேலை பெரும்பாலும் முடிந்தது. பின்னர் முட்டியை மடக்கி, தோலுக்கும் தசைக்கும் இடையே அழுத்தி அழுத்திப் பிரித்தார். என்னிடமும் கத்தியைத் தந்தார். நான் அவசரப்பட்டேன், தோலில் ஓர் ஓட்டை விழுந்தது. அவர் சினக்கவில்லை. ஓட்டையில் தம் கட்டை விரலை நுழைத்துக் காட்டி, "இனி இந்த இடத்தை விலக்கித்தான் செருப்பு வெட்ட வேண்டும்" என்றார்.

அவ்வுடலில் வீணானது ஒன்றுமில்லை. கொழுப்பு தோலுக்குப் பூச ஆகும். எலும்பு எருவாகும். கொம்பு சீப்புச் செய்வோருக்குப் போகும். குடலை முறுக்கிக் காயவைத்தால் பஞ்சு கொட்டும் வில்லுக்கு நாணாகும்.

தோலை நீரில் ஊறவைத்துக் குருதியும் அழுக்கும் போகக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் இட்டோம். நாள்தோறும் புரட்டினோம். ஒரு வாரத்திற்கு மேல் ஆனபின், மயிர் கையோடு வந்தது. உருண்டை மரத்துண்டின்மேல் தோலை விரித்து, மழுங்கிய வளைகத்தியால் மயிரைச் சுரண்டினோம். திருப்பிப் போட்டு, ஒட்டியிருந்த தசையை நீக்கினோம். சுண்ணாம்பு போகத் தவிட்டு நீரில் ஊறவைத்துக் கழுவினோம். அதன்பின் வந்தது ஆவாரம் பட்டை.

நம் கரம்பு நிலங்களில் மஞ்சட் பூவோடு நிற்கும் ஆவாரஞ் செடியை நீங்கள் அறிவீர்கள். அதன் பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து, அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னவொட்டாமல் காக்கிறது. ஆயின் ஒரு நுட்பம் உண்டு. முதலிலேயே கடுஞ்சாற்றில் இட்டால் மேற்புறம் இறுகிப்போகும். சாறு உள்ளே செல்லாது. ஆதலின் பழைய, வலுக்குறைந்த சாற்றில் தொடங்கி, படிப்படியாகப் புதிய சாற்றுக்கு மாற்ற வேண்டும். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துப் பெரியவர் கழுத்துப் பகுதியில் தடித்த இடத்தைச் சிறிது வெட்டிப் பார்த்தார். நடுவே வெளிறிய கோடு தெரிந்தது. "இன்னும் பச்சை" என்று மீண்டும் குழியில் இட்டார். கோடு மறைந்த பிறகே கடுக்காய்ச் சாற்றில் தோய்த்தார். ஆவாரையால் பதனிட்ட தோல் வெளிச்சம் படப்படச் சிவந்துபோகும். அதனைத் தடுப்பது கடுக்காய். இறுதியில் புங்க எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தினார். வேதியியல் நூல் எதனையும் அவர் கண்டவரல்லர். எனினும் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் வேதியியல் காரணம் கூறும்.

இந்த அறிவே சென்னை மாகாணத்தின் பெருவாணிகமாக வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவாரம் பட்டையால் பதனிட்ட நம் தோல்கள் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு இலண்டன் சந்தைக்குக் கப்பலேறின. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர் அணிந்த காலணிகளின் மேற்பகுதிக்கு இத்தோல் பெருமளவில் பயன்பட்டது.

மற்றொரு செய்தி வியப்பூட்டும். 1884இல் அமெரிக்காவில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அம்முறையை 1903ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் சோதித்துப் பார்த்தார். அவர் கருதிய பயன்களுள் ஒன்று, எங்கள் கிணற்றில் தொங்கியதே, அந்தக் கவலை ஏற்றத் தோல்தான்! நீரில் நனைந்தாலும் நெடுநாள் உழைக்கும் தோல் உழவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அரசே தொழில் நடத்தலாகாது என 1910இல் இலண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லி கூறிவிடவே, அம்முயற்சி அரசின் கையைவிட்டு நீங்கியது. பின்னர்ப் பல்லாவரத்தை அடுத்துத் தனியார் நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையால் ஓர் ஊரே பெயர் பெற்றது. அதுதான் இன்றைய குரோம்பேட்டை. புதிய முறையின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததனை 1996இல் உச்ச நீதிமன்றமே கடிந்துரைத்தது.

இனி ஏரிக்கரைக்குத் திரும்புவோம். பெரியவருக்கு ஒரு பேரன் இருந்தான். எட்டாம் வகுப்பில் படித்தான். அவனைக் குழியருகே அவர் வரவிட்டதேயில்லை. ஒருநாள், "இவ்வளவு நுட்பமான தொழிலை உங்கள் பேரனுக்குக் கற்றுத்தரக் கூடாதா?" என்றேன்.

"நீங்கள் கற்றுக்கொண்டால் அது படிப்பு, சின்னையா. அவன் கற்றுக்கொண்டால் இதைத்தான் செய்யவேண்டும் என்பார்கள்."

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவ்வினாவின்மீது இந்நாட்டுப் பெரியோரே மாறுபட்டனர். காந்தியடிகள் 1934இல் கிராமத் தோற்பதனிடலை இழிவு நீக்கி, அறிவியல் முறையில் உயர்த்த வேண்டும் என எழுதினார். டாக்டர் அம்பேத்கரோ, 1927இல் மகாடு மாநாட்டிலேயே, இழிவு சுமத்தப்பட்ட பழைய வழக்கங்களைக் கைவிடுமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஒருவர் தொழிலின் மதிப்பை எண்ணினார். மற்றவர் அதில் பூட்டப்பட்ட மனிதனின் விடுதலையை எண்ணினார். புளியமரத்தடியில் நான் கேட்டது இரண்டாவது குரல்.

அன்று மாலை பெரியவர் எங்கள் வீட்டிற்கு வந்து தண்ணீர் கேட்டார். கிணற்றை அவர் தொடலாகாது. குவளையை உயரப் பிடித்து நீரை ஊற்ற, அவர் குனிந்து இரு கைகளாலும் ஏந்திக் குடித்தார். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கிணற்று நீர் எத்தனையோ ஆண்டுகள் அவர் தைத்த தோல் வழியே எங்கள் வயலுக்குப் பாய்ந்தது. நான் அருகே நின்றேன். ஒன்றும் கூறினேனில்லை.

புறநானூற்றின் 82ஆம் பாட்டில், சாத்தந்தையார் ஒரு போரின் விரைவைக் கட்டிலுக்கு வார் பின்னுவோன் கை ஊசியின் விரைவோடு ஒப்பிடுகின்றார். ஊரில் திருவிழா, மனைவிக்கு மகப்பேற்று நோவு, பொழுது சாய்கிறது, மழையும் பெய்கிறது. இத்தனைக்கும் இடையே அவன் ஊசி பறக்கின்றது. எத்துணைக் கூர்மையான பார்வை! எனினும் அவனைப் பாட்டு 'இழிசினன்' என்றே சுட்டுகிறது. அவன் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

புலவரை நான் குறைகூற இயலாது. ஒரு கோடை முழுவதும் ஆசிரியராக இருந்து எனக்குக் கற்பித்தவரை ஊரார் சாதிப் பெயராலேயே அழைத்தனர். அவர் இயற்பெயரை நான் கேட்டறியவில்லை. இன்று கேட்க அவர் இல்லை. மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் கைத்தொழில் அறிந்த முதியோர் இருப்பர். அவர்தம் தொழிலை எழுதி வையுங்கள். அதற்கு முன்னர் அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.