வன்னிப் பெருநிலத்தின் நெடுந்தூர லொறிச் சாரதிகள்: கூலியும் வேலை நிலையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து கொழும்பு, தம்புள்ளை, திருகோணமலை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வாகனங்களை ஓட்டுவோரே வன்னியின் நெடுந்தூர லொறிச் சாரதிகள். இவர்களது தொழில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியையே பெரிதும் சார்ந்தது. நெல், உழுந்து, கச்சான், மீன் ஆகியவை தெற்கே போகின்றன. சீமெந்து, இரும்பு, மா, சீனி, உரம், மலைநாட்டு மரக்கறி ஆகியவை வடக்கே வருகின்றன. கூலி பெரும்பாலும் ஓர் ஓட்டத்துக்கு, அதாவது ஒரு ‘ஹயருக்கு’, இவ்வளவு என்றே பேசப்படுகிறது. பாரம் ஏற்றக் காத்திருந்த நேரத்துக்கும், சோதனைச்சாவடியில் நின்ற நேரத்துக்கும், எரிபொருள் வரிசையில் கழிந்த இரவுக்கும் தனி விலை கிடையாது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வன்னிச் சாரதியின் வேலையில் இந்த விலையற்ற நேரமே வளர்ந்துகொண்டு வந்திருக்கிறது.

மோட்டார் வாகனத்துக்கு முன் வன்னிக் காட்டைக் கடந்தவை பொதிமாடுகளின் தவளங்களும் மாட்டுவண்டிகளும். வழி நெடுகக் காடு, இடையிடையே குளக்கரை ஊர்கள், எங்கும் மலேரியா. ஆகவே வண்டிக்காரர் கூட்டமாகவே பயணம் செய்தனர். காலனித்துவ நிர்வாக அதிகாரியாக 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்த லியனார்ட் வுல்ஃப், அநுராதபுரத்துக்கு வடக்கே தபால் மூட்டைகளோடு மாட்டுவண்டியில் பயணித்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறை வரை முழுமை பெற்றது. நெடுந்தூரச் சரக்கு ரயிலுக்குப் போயிற்று. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் நிலையங்களிலிருந்து உள்ளூர்களுக்குச் செல்லும் குறுகிய ஓட்டமே வண்டிக்காரருக்கு எஞ்சியது.

லொறி இந்தக் குறுகிய ஓட்டத்தில்தான் முதலில் நுழைந்தது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய நீர்ப்பாசனத் திட்டங்களின் கீழ்க் குடியேற்றங்கள் பெருகியபோது விதைநெல்லும் கட்டுமானப் பொருளும் உள்ளே வரவும், அறுவடை வெளியே போகவும் லொறி இன்றியமையாததாயிற்று. 1970 முதல் 1977 வரை நடைமுறையிலிருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. விசுவமடு போன்ற புதிய குடியேற்றங்களில் இளைஞர் மிளகாய் நட்டனர். அந்த மூட்டைகள் கொழும்புப் புறக்கோட்டைக்கு லொறியில் சென்றன. வன்னியிலிருந்து தலைநகர் வரை நேரே ஓடும் ஓட்டம் ஒரு நிலையான தொழிலாக வேரூன்றியது இக்காலத்திலேயே. ஆனால் அதே கட்டுப்பாடு டயருக்கும் உதிரிப்பாகத்துக்கும் தட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. பழைய இயந்திரத்தைத் தானே கழற்றிப் பூட்டத் தெரியாதவரை எந்த முதலாளியும் சாரதியாக வைத்திருக்கவில்லை.

சாரதித் தொழில் இரண்டாகப் பிரிந்ததும் இக்காலத்துக்குச் சற்று முன்னரே. 1958 ஜனவரியில் பேருந்துச் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. பேருந்துச் சாரதிக்கு மாதச் சம்பளம், முறைமாற்று வேலை, சேமலாப நிதி, தொழிற்சங்கம் எல்லாம் வந்தன. லொறி தனியார் கையிலேயே இருந்தது. ஒரே வீதியில், ஏறக்குறைய ஒரே எடையுள்ள வாகனத்தை ஓட்டிய இருவரில் ஒருவர் அரச ஊழியரானார். மற்றவர் முதலாளியின் வாய்ச்சொல்லை நம்பி வாழ்பவராகவே நின்றார். அந்த இடைவெளி இன்றும் மூடப்படவில்லை.

தொழிலைக் கற்கும் முறையும் அந்த வாய்ச்சொல் ஒழுங்கையே சார்ந்திருந்தது. பள்ளியை இடையில் விட்ட பையன் ‘கிளீனராக’ ஏறுவான். தார்ப்பாய் கட்டுவான், டயர் மாற்றுவான், இரவில் சாரதி உறங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பான். சில ஆண்டுகளில் அனுமதிப்பத்திரம் எடுத்துச் சாரதியாவான். முதலாளி பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு லொறி வைத்திருக்கும் ஊரவர், பல வேளைகளில் உறவினர். ‘அண்ணை’ என்று அழைக்கப்படுபவரிடம் நியமனக் கடிதம் கேட்பது முறையல்ல என்ற உணர்வு வலுவாக இருந்தது. அவசரச் செலவுக்கு முற்பணம் தரும் கையும் அவருடையதே. அந்த முற்பணமே சாரதியை அதே லொறியோடு கட்டிப்போட்டது.

1977, 1983 தமிழர் எதிர்ப்பு வன்முறைகளுக்குப் பின் தமிழ்ச் சாரதிக்குத் தெற்கே போவது உயிர்ப்பயமுள்ள வேலையாயிற்று. 1990 ஜூனில் அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டதும் வடக்கு ரயில் நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. அரசின் பொருளாதாரத் தடையால் எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரும்பு, உரம் முதலியவை புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் செல்வது மறுக்கப்பட்டது அல்லது கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டும் உத்தி வன்னியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பரவியது அப்போதுதான். அந்தப் புகையைச் சுவாசித்தபடி பல ஆண்டுகள் ஓட்டியவர்களின் உடல்நலச் செலவை எவரும் கூலியில் சேர்க்கவில்லை.

1997 மேயில் இராணுவம் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கை ஏ9 வீதியையே போர்முனையாக்கியது. ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை வீதி சண்டைக்குள் அகப்பட, நிவாரண உணவு ஏற்றிய லொறிகள் மன்னார்ப் பக்கமாகச் சுற்றிக் காட்டுப் பாதைகளில் ஓடின. மாரியில் அப்பாதைகளில் புதைந்த லொறியை மீட்க உழவு இயந்திரம் வரும்வரை சாரதி அங்கேயே கிடந்தார். வவுனியாவிலோ ஆயுதக் குழுக்களுக்குக் கொடுக்கும் கப்பமும் ஓட்டச் செலவின் ஒரு பகுதியாகிவிட்டது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது பன்னிரண்டு ஆண்டுகளாகக் காணாத அளவு சரக்கு அசைந்தது. வேலை பெருகியது, காத்திருப்பும் பெருகியது. ஓமந்தையில் இராணுவத்தின் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் சோதனை, முகமாலையில் மீண்டும் இரு தரப்பும். ஓமந்தையில் சரக்கை இறக்கிச் சோதித்து மறுபடி ஏற்றினார்கள். புலிகளின் ஆயப்பகுதி பொருளுக்கு ஏற்ப வரி அறவிட்டது. வரியை வணிகர் செலுத்தினார், அதைப் பொருளின் விலையில் ஏற்றிப் பொதுமக்களிடம் மீட்டுக்கொண்டார். நாள் முழுவதும் வரிசையில் நின்ற சாரதிக்கு அப்படி மாற்றிவிட எவரும் இருக்கவில்லை. வேகம் கூடினால் புலிகளின் காவல்துறை தண்டம் விதித்தது. வீதியோரம் நெடுகிலும் மண்டையோட்டுப் படம் பொறித்த சிவப்புப் பலகைகள் நின்றன. கண்ணிவெடிக்கு அஞ்சித் தாரை விட்டு ஓரடிகூட இறங்க முடியாததால் நிறுத்தி ஓய்வெடுப்பதற்கும் இடம் இருக்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடி மட்டும் விதிவிலக்கு. ஏ9 வழியே போகும் வாகனங்கள் அங்கே நின்று தேங்காய் உடைத்து வழிபட்டுச் செல்வது நெடுநாள் வழக்கம். கச்சான் கடைகளும் தேநீர்க் கடைகளும் நிழலும் தண்ணீரும் கொண்ட அந்த இடமே, எந்த அரசும் அமைத்துத் தராத ஓய்விடத்தின் வேலையைச் செய்துவந்தது.

போர் மீண்டும் வெடிக்க, 2006 ஆகஸ்ட் 11 அன்று முகமாலைச் சாவடி மூடப்பட்டது. குடாநாட்டுக்கான சரக்கு கப்பலுக்கு மாற, வன்னிக்குள் ஓமந்தை வழியே வந்த லொறிகள் மட்டும் எஞ்சின. உள்ளே வீதியோரக் கிளைமோர் வெடிகளும் வான் தாக்குதலும்; தெற்கே மதவாச்சியில் வாகனம் மாறவேண்டிய கெடுபிடி. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டன. ஒக்ரோபர் முதல் உலக உணவுத் திட்டத்தின் தொடரணிகள் உணவு ஏற்றிச் சென்றன. 2009 ஜனவரியில் உள்ளே போன 11ஆவது தொடரணி சண்டைக்குள் சிக்கிக்கொண்டது. உள்ளே வாழ்ந்த சாரதிகளோ, மக்களையும் அவர்களது தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றி இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிழக்கே ஒதுங்கினர். போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பகுதியில் எரிந்து குவிந்து கிடந்த வாகனங்களில் லொறிகள் ஏராளம். ஒரு லொறி எரிந்தது என்றால் உரிமையாளரின் முதலும், அதை ஓட்டியவரின் பிழைப்பும், கிளீனரின் எதிர்காலமும் ஒன்றாகப் போயின.

2009க்குப் பின் ஏ9 அகலமாகத் திருத்தப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டு, மன்னார்ப் பக்கத்திலிருந்து பூநகரி வழியே குடாநாட்டுக்கு இன்னொரு பாதை கிடைத்தது. 2014 ஒக்ரோபரில் ரயில் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. ஆயினும் சரக்கின் பெரும்பகுதி வீதியிலேயே தங்கிவிட்டது. ஓமந்தைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. வீதி நன்றானதும் முன்பு இரண்டு மூன்று நாள் எடுத்த ஓட்டம் ஒரே இரவில் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. மாலையில் கிளிநொச்சியில் ஏற்றிய பாரம் விடியும் முன் சந்தையில் நிற்க வேண்டும். மீன் ஏற்றும் குளிர்லொறிகளுக்கு நெருக்கடி இன்னும் அதிகம்: முல்லைத்தீவில் மாலை ஏற்றிய மீன் அதிகாலையில் பேலியகொடைச் சந்தையை அடைந்தால்தான் விலை. முன்பு சாவடிகள் பறித்த உறக்கத்தை இப்போது நல்ல வீதி பறிக்கிறது.

சம்பளம் மூன்று வகைகளில் கொடுக்கப்படுகிறது. சிறிய மாதச் சம்பளத்தோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் படி. சம்பளமே இல்லாமல் ஹயர் பணத்தில் ஒரு பங்கு. மணல், கிரவல் டிப்பர்களில் லோட்டுக்கு இவ்வளவு. பங்கு முறையில் டீசல் விலை ஏறினால் சாரதியின் வருமானமும் சுருங்குகிறது. லோட்டு முறை வேகத்தையும் மிகைப்பாரத்தையும் தூண்டுகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாத மணலோ மரமோ பிடிபட்டால் முதலில் கைதாகிறவர் ஸ்டியரிங்கில் இருந்தவரே. ஏற்றச் சொன்னவர் வீட்டில் இருக்கிறார். புறக்கோட்டையில் சுமைதூக்கும் நாட்டாமைமார் வந்து இறக்கும்வரை காத்திருப்பு, வாகனத் தரிப்பிடக் கட்டணம், வழிச்சாப்பாடு ஆகியவை பெரும்பாலும் படிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென ஒரு சம்பளச் சபை உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் இக்கடமை உண்டு. வேலையில் நேரும் காயத்துக்கும் இறப்புக்கும் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் உள்ளது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டு, 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் இவையெல்லாம் சம்பளப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கே எளிதில் எட்டுபவை. எழுத்தில் எதுவும் இல்லாமல், ஓட்டத்துக்கு ஓட்டம் கைக்காசு வாங்கும் சாரதி தாம் ஊழியர் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஓய்வு நேரத்தைப் பொறுத்தவரை, நான்கு மணிநேரத்துக்கு மேல் இடைவிடாது ஓட்டக்கூடாது, நாளுக்கு ஒன்பது மணிநேரமே ஓட்டலாம் எனச் சர்வதேசத் தொழில் அமைப்பின் 1979ஆம் ஆண்டு 153ஆம் இலக்கச் சமவாயம் கூறுகிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பிட்டது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்தக் கூலி முறையின் பலவீனத்தை வெட்டவெளிச்சமாக்கியது. ஆண்டின் தொடக்கத்தில் லிற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. சாரதிகள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தனர். லொறி ஓடாத அந்நாட்களுக்கு வருமானம் இல்லை. கியூஆர் அட்டை முறை வந்தபோது லொறிக்கு வாரத்துக்கு 50 லிற்றர் ஒதுக்கப்பட்டது. லிற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடும் லொறி அந்த டீசலில் 250 கிலோமீற்றரே போகும். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஒருவழிப் பயணத்துக்கே அது போதாது. 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரி வரை நீடித்ததால் பழைய லொறிகளின் விலையும் எகிறியது. லீசிங் தவணையில் சொந்தமாக ஒரு லொறி வாங்கிச் சாரதி நிலையிலிருந்து உயரும் வழி அடைபட்டது. கனரக வாகன அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு வளைகுடா நாடுகளில் எழுத்து ஒப்பந்தத்தோடும் மாதச் சம்பளத்தோடும் வேலை கிடைக்கிறது. போகக்கூடியவர்கள் போகின்றனர், ஊரில் பல லொறிகளை உரிமையாளர்களே ஓட்டுகின்றனர்.