கட்டணமில்லா தொலைபேசி எண்கள்: நிறுவனங்கள் ஏன் செலவை ஏற்கின்றன?

வாடிக்கையாளர் ஒருவர் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கும்போது, அந்த அழைப்புக்கான கட்டணத்தை நிறுவனமே ஏற்றுக்கொள்வதுதான் கட்டணமில்லா எண் சேவையாகும்.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 1967ஆம் ஆண்டில், 800 என்று தொடங்கும் எண்களை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னர் இத்தகைய அழைப்புகளை, தொலைபேசி நிலைய ஊழியர் ஒருவரே இணைத்துத் தர வேண்டியிருந்தது. பிரிட்டனில் 0800 எண்கள் 1985இல் அறிமுகமாயின. இந்தியாவில் இவை 1800 என்று தொடங்குகின்றன.

நிறுவனங்களுக்கு என்ன பலன்?

தொலைதூர அழைப்புகளுக்குக் கட்டணம் அதிகமாக இருந்த காலத்தில், வெளியூர் வாடிக்கையாளரின் தயக்கத்தை இந்த எண்கள் போக்கின. ஒரே நகரில் இயங்கும் நிறுவனமும் நாடு முழுவதிலிருந்தும் ஆர்டர்களைப் பெற முடிந்தது.

விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எண்ணைக் கொடுத்தால், எந்த விளம்பரம் அதிக அழைப்புகளைக் கொண்டுவருகிறது என்பதையும் கணக்கிட முடியும். அழைக்கும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்து, அழைப்பை வெவ்வேறு கிளைகளுக்குத் திருப்பிவிடவும் இயலும்.

எண்ணே சொத்தாக மாறியது

தொடக்கத்தில் இந்த எண்கள் தொலைபேசி நிறுவனத்துடன் பிணைக்கப்பட்டிருந்தன. சேவை வழங்கும் நிறுவனத்தை மாற்றினால், விளம்பரம் செய்து பிரபலப்படுத்திய எண்ணை இழக்க நேரிடும். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு மே மாதம் முதல், எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்தின் சேவைக்கு மாறும் வசதி வந்தது. எண்களுக்கான தேவை பெருகியதால், 1996இல் 888 என்ற புதிய வரிசையும் தொடங்கப்பட்டது.

தொலைபேசிப் பொத்தான்களில் உள்ள ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு, எளிதில் நினைவில் நிற்கும் எண்களையும் நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தன. மலர் விற்பனை நிறுவனமான 1-800-ஃபிளவர்ஸ், தனது தொலைபேசி எண்ணையே பெயராகக் கொண்டுள்ளது.

மாறிவரும் சூழல்

செல்பேசிக் கட்டணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்ட நிலையில், அழைப்பு இலவசம் என்பதன் கவர்ச்சியும் குறைந்துள்ளது. எனினும் நாடு முழுவதற்கும் ஒரே எண் என்ற வசதியும், அலுவலகம் இடம் மாறினாலும் எண் மாறாது என்பதும் இன்றும் பயனளிக்கின்றன.

சிறு நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. தவறுதலாக வரும் அழைப்புகளுக்கும், பதில் கிடைக்காமல் வாடிக்கையாளர் வரிசையில் காத்திருக்கும் நிமிடங்களுக்கும் பொதுவாக நிறுவனமே பணம் செலுத்த வேண்டியிருக்கும். அழைப்பை எடுக்கப் போதிய ஊழியர்கள் இல்லாவிட்டால், செலவுடன் அவப்பெயரும் சேரும்.

வாடிக்கையாளர்களும் எண்ணின் தொடக்கத்தைக் கவனிப்பது நல்லது. இந்தியாவில் 1860 என்று தொடங்கும் எண்கள் இலவசமல்ல. மேலும் ஒரு நாட்டின் கட்டணமில்லா எண்களை வெளிநாடுகளிலிருந்து பெரும்பாலும் அழைக்க முடிவதில்லை. ஆகவே புலம்பெயர்ந்து வாழும் தமிழர்கள், தாயகத்திலுள்ள வங்கிகள் போன்றவற்றின் வழக்கமான தொலைபேசி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நாடும் நிறுவனங்களும் அந்த எண்ணைத் தமது விளம்பரங்களில் சேர்த்து வெளியிட வேண்டியுள்ளது.