நம்ம கோயில் கெத்தாப்பாங் மரம்



பின்பக்கத்து கெத்தாப்பாங் மறுபடியும் சிவந்து கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. "குப்பை தாங்கல, வௌவால் வேற வருது, வெட்டிடலாமே"ன்னு சிலர் கேக்குறாங்க. பெருக்குறது தொண்டர்களாகிய நாங்கதான், அந்தக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் முடிவெடுக்கும் முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1963 ஜூன் 16ஆம் தேதி திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் கன்றை நட்டார். சிங்கப்பூரின் மரம் நடும் இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. 1967இல் 'தோட்ட நகரம்' திட்டம் வந்தது. 1971 நவம்பர் 7ஆம் தேதி முதல் மரம் நடும் தினம். மவுண்ட் ஃபேபரில் டாக்டர் கோ கெங் சுவீ தொடங்கிவைத்தார்.

முதலில் நட்ட மெம்பாட் இந்த மண்ணின் மரம். ஆனா சாலையோரம் குடை மாதிரி நிக்கிற தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது.

கெத்தாப்பாங்கை யாரும் கொண்டுவர வேண்டியிருக்கல. அது இந்தக் கடற்கரைகளுக்கே சொந்தம். அதன் காய் கடல்ல மிதந்து போய்க் கரையேறி முளைக்கும். ஊரிலிருந்து வந்த நம்ம பெரியவங்களுக்கும் இது புதுசில்ல. நாட்டு வாதுமை, வாதாங்கொட்டை மரம்னு அவங்க சொன்னது இதைத்தான். கல்லால உடைச்சுப் பருப்பு தின்னவங்க நம்மில் எத்தனை பேர்!

வழக்கமா வருஷத்துக்கு ரெண்டு தடவை இலை மஞ்சளாகி, சிவந்து உதிரும். அப்புறம் கொழுந்து விடும். ராத்திரியில பழந்தின்னி வௌவால் பழத்தைக் கவ்விக்கிட்டுப் போய், சதையைத் தின்னுட்டுக் கொட்டையைப் போடும். இப்படித்தான் கடல் இல்லாத இடத்திலும் இந்த மரம் முளைக்குது. அணிலுக்கும் இது சாப்பாடு.

நம்ம முன்னோர் அந்தந்த ஊர் மண்ணுல விளைஞ்ச மரத்தைத்தான் தல விருட்சமா வச்சாங்க. சிதம்பரத்தின் தில்லை மரத்தைப் பாருங்க. அது உப்பங்கழிச் சதுப்புல வளர்ற மரம். அதன் இலையும் உதிரும் முன்னாடி சிவக்கும். அதே தில்லை சிங்கப்பூர்ச் சதுப்புநிலத்திலும் வளருது.

திருவிழா அன்னைக்கு வெறுங்காலோட அன்னதான வரிசையில நிக்கும்போது நமக்கு நிழல் குடுப்பது யாரு? அந்தக் கெத்தாப்பாங்தானே! கொடுத்த நிழலை மறந்துட்டு, உதிர்ந்த இலையை மட்டும் கணக்குப் பார்க்கலாமா?

எங்க வேண்டுகோள் இதுதான்: மரம் இருக்கட்டும். ஞாயிறு காலை பூஜை முடிஞ்சு அரை மணி நேரம் எங்களோட வாங்க, சேர்ந்து பெருக்குவோம். அந்த இலையை மக்க வச்சு நந்தவனத்துக்கே உரமாப் போடுவோம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.

எல்லாம் அவன் செயல். ஓம் நமசிவாய.