பூந்தமல்லித் தீர்ப்பும் பேட்டரி வாங்கியவரின் மனமும்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா (பயங்கரவாதம், சீர்குலைவுச் செயல்கள் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களுள் ஒருவரான பேரறிவாளனுக்குக் கைதானபோது வயது 19. அவர்மீதான குற்றச்சாட்டின் மையம், 9 வோல்ட் பேட்டரி இரண்டை வாங்கிக் கொடுத்தது. பேட்டரி வாங்குவது யாரும் செய்யும் காரியம். எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பது மட்டுமே அதைக் கொலைச் சதியின் அங்கமாக்கும். செயலில் குற்றத்தின் சாயலே இல்லாதபோது முழுப் பாரமும் மனத்தின் மேல் விழுகிறது. அப்படிப்பட்ட வழக்கில் மனத்துக்கான சான்று மற்றெந்த வழக்கையும்விட உறுதியாக இருந்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு நேரெதிரான வழக்கு ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்திலேயே உண்டு. பழனிக் கவுண்டன் என்பவர் மனைவியைக் கொழுவால் தலையில் அடித்தார். மயங்கி விழுந்தவரை இறந்துவிட்டதாக நம்பி, தற்கொலைபோலக் காட்டத் தூக்கில் தொங்கவிட்டார். உயிர் போனது தூக்கில்தான். 1919-இல் முழு அமர்வு இதைக் கொலையாகவோ கொலையாகாத மரணமாகவோ ஏற்கவில்லை. இறுதியில் கொடுங்காயத்துக்கு மட்டுமே தண்டனை கிடைத்தது. பிணம் என்று நம்பியவரிடம் உயிரைப் பறிக்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது என்பதே அடிப்படை. அந்த முடிவு கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும், உயிரைப் பறித்த கையின் பின்னால் இருந்த மனத்தை நீதிமன்றம் அவ்வளவு நுணுகிப் பார்த்தது.

பூந்தமல்லி வழக்கில் 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்து, பேரறிவாளன் உட்பட நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. சதி நடப்பது தெரிந்திருந்தால் போதாது, அதற்கு உடன்பட்டிருக்க வேண்டும் என்று சதிக் குற்றத்தின் எல்லையையும் வகுத்தது. அரசை அச்சுறுத்தும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தடா குற்றங்களையே தள்ளியது. ஆனால் தடாவின் 15-ஆம் பிரிவின்கீழ் காவல் கண்காணிப்பாளர் பதிந்த ஒப்புதல் வாக்குமூலங்களை மட்டும் தள்ளவில்லை. அந்தச் சட்டம் கோரிய நோக்கம் இல்லை. அந்தச் சட்டம் தந்த சான்று மட்டும் நின்றது. இந்த முரண் எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், 2013-இல் வெளிப்படையாகவும் 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரத்திலும் ஒன்றைச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறிய பகுதி பதிவில் விடுபட்டது. விடுபட்டது வழக்கின் ஓரமல்ல, குற்றமனத்தின் மறுப்பு முழுவதும்.

சதிகாரர் மனத்தை வேறெப்படி அறிவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நடத்தையிலிருந்து ஊகிக்கலாம், பேரறிவாளன் பொய் முகவரியில் மோட்டார் சைக்கிள் வாங்கியதையும் அரசுத் தரப்பு காட்டியது. அது ஒருவர் எதையோ மறைத்தார் என்பதைக் காட்டும். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்படவிருப்பதை அறிந்திருந்தார் என்பதைக் காட்டாது. அந்த இடைவெளியைக் காவல் அதிகாரி எழுதிய தாள் நிரப்பியது.

2014-இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். தடா 1995-இலேயே காலாவதியானது. ஆனால் காவல் கண்காணிப்பாளரிடம் தரும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் விதி மகாராஷ்டிர, குஜராத் மாநிலங்களின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டங்களில் இருக்கிறது. குறைந்தபட்சம், குற்றமனத்துக்கு அந்த வாக்குமூலம் ஒன்றே ஆதாரமாக இருக்கும் வழக்கில் தண்டனை கூடாது என்று அச்சட்டங்களில் எழுதப்பட வேண்டும்.